சங்கிலியைக் கட்டிவிட்டு ‘ஏறாதீர்கள்’ என்றால்?

ஆஸ்திரேலியாவின் நடுவே, செம்மண் வெளியில் 348 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பாறை உலுரு. அனங்கு பழங்குடி மக்களுக்கு அது புனிதமான இடம். பாறைமேல் வரிசையாக ஊர்ந்து ஏறும் சுற்றுலாப் பயணிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மிங்கா’. அதாவது எறும்பு. கூட்டம் தாங்காத இடங்களை நிர்வகிப்பவர்கள் இங்கே நடந்த தவறுகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெரிய தவறு, வசதியைச் செய்துகொடுத்துவிட்டு வேண்டாம் என்று கெஞ்சியதுதான். 1960களில், ஏறுபவர்கள் பிடித்துக்கொள்ளப் பாறைமேல் கம்பம் நட்டுச் சங்கிலி கட்டினார்கள். 1985-இல் நிலம் அனங்கு மக்களிடம் திரும்பி வந்தது. வந்த கையோடு 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடமே போனது. ஏறும் வழி மட்டும் மூடப்படவில்லை. அடிவாரத்தில் ‘தயவுசெய்து ஏறாதீர்கள்’ என்று பலகை, பக்கத்திலேயே சங்கிலி. வந்தவர் எதை நம்புவார்? ஏறும்போது 30-க்கும் மேற்பட்டோர் இறந்தும் போனார்கள்.

அடுத்தது கழிப்பறை. சிரிக்காதீர்கள். உச்சியில் கழிப்பறை கிடையாது, வெறும் பாறை. அங்கே ஒதுங்கியவர்கள் விட்டுவந்ததெல்லாம் மழையில் வழிந்து அடிவாரத்துச் சுனைகளில் கலந்தது. பறவையும் விலங்கும் குடிக்கிற தண்ணீர் அது. தலையை எண்ணி நுழைவுக் கட்டணம் வாங்கினால் போதாது. அந்தத் தலைக்கு வயிறும் உண்டு.

ஏறவிடாவிட்டால் யார் வருவார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் 2015 வாக்கிலேயே, வந்தவர்களில் சுமார் 16 சதவீதம் பேர்தான் ஏறினார்கள். மற்றவர்கள் அடிவாரத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சரி, மூடுவதிலாவது கவனமாக இருந்தார்களா? 2017 நவம்பரில் முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26 முதல் தடை என்று அறிவித்தார்கள். தொழில் செய்பவர்களுக்கு அவகாசம் தேவைதான். ஆனால் ‘கடைசி வாய்ப்பு’ என்று கிளம்பி வரும் கூட்டத்துக்கும் சேர்த்துத் தயாராக வேண்டும். கடைசி மாதங்களில் முகாம்கள் நிரம்பி, வண்டிகள் சாலையோரம் தங்கின. கழிவையும் அங்கேயே கொட்டினார்கள்.

பயணிகள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: ஞாபகத்துக்கு என்று கல் எடுப்பது. அப்புறம் மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாததால், அந்தக் கற்களைப் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை.