வெட்டிய புதரைக் கொளுத்தாதீர்கள்

புதர் மண்டிய நிலத்தைத் திருத்தும்போது வெட்டியதை எல்லாம் ஒரே குவியலாக்கித் தீ வைக்காமல், அங்கேயே பிரித்துப் போடுங்கள். எருக்கு, ஆவாரை, கொழிஞ்சித் தழை தென்னம் பாத்திக்கு. முள் கிளை வேலிக்கு. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் உள்ள கட்டை விறகுக்கு.

தழையைக் கொளுத்தினால் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) புகையோடு போய்விடும், மிஞ்சுவது சாம்பல்தான். அந்தத் தழையையே பாத்தியில் அரை அடி உயரத்துக்குப் பரப்பினால் வெயில் நேராக மண்ணில் படாது, ஈரம் கூடுதல் நாள் நிற்கும், அப்புறம் மட்கி உரமாகும். கொழிஞ்சி அவரைக் குடும்பத்துச் செடி, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்துக்கொள்ளும். பூக்கும் தருணத்தில் அறுங்கள். மரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு அடி தள்ளிப் போடுவது முக்கியம், இல்லாவிட்டால் கரையான் ஏறும்.

பூத்த பார்த்தீனியத்துக்கும் கோரைக்கும் இது ஆகாது, பாத்தி முழுக்க முளைத்துவிடும். சீமைக் கருவேல முள்ளை வேலியில் வைக்குமுன் நெற்றுகளை உதிர்த்துவிடுங்கள். ஆடு தின்றால் விதை புழுக்கையோடு போய் விழுந்த இடமெல்லாம் முளைக்கும்.