துப்பாக்கி யார் பெயரில்? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

டெக்சாஸுக்கு வேலைக்கு வரும் தம்பிகள் சிலர் வந்த ஆறே மாதத்தில் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "அண்ணா, ஒரு ட்ரஸ்ட் எழுதிக்கொண்டால் எச்1பியில் இருக்கும்போதே துப்பாக்கி வாங்கலாமாமே?" அந்த வழி இல்லை. இதை நம்பி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலைக்கு வரும் எச்1பி, எல்1, துணைவர் வரும் எச்4, படிக்க வரும் எஃப்1, பெற்றோர் வரும் பி2 எல்லாமே குடியேற்றம் சாராத விசாக்கள். இந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வாங்கினால்தான் தப்பு என்றில்லை. நண்பர்களோடு சனிக்கிழமை ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துப் பல வருடமாக வரிசையில் நின்றாலும் எச்1பி எச்1பிதான். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம், அதோடு நாடு கடத்தலும் வரும். செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் விசா விஷயத்தில் துளி சந்தேகம் இருந்தாலும், குடிவரவு வக்கீலிடம் கேட்காமல் அந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டது, அல்லது குடியுரிமை வாங்கிவிட்டீர்கள். சரி, இப்போது சாதாரணப் பிஸ்டலோ நீளத் துப்பாக்கியோ வேண்டுமென்றால் ட்ரஸ்டும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் உங்கள் பெயரிலேயே வாங்கலாம். மாநிலம் கேட்பது தனி. இல்லினாயில் முதலில் அடையாள அட்டை வாங்க வேண்டும், நியூ ஜெர்சியிலும் அப்படித்தான். உங்கள் பணத்தில் உங்களுக்காக மட்டும் வாங்குங்கள். எச்1பி நண்பனுக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது தனிக் குற்றம்.

யார் பெயரில் என்ற கேள்வி உண்மையில் எழுவது 1934ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வரும் பொருட்களுக்குத்தான். சத்தம் குறைக்கும் சைலன்சர், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழாய் கொண்ட ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன், இயந்திரத் துப்பாக்கி முதலியவை இதில் வரும். ஒவ்வொன்றும் ஏடிஎஃப் எனும் மத்திய அமைப்பில் பதிவாக வேண்டும். சைலன்சருக்கும் குட்டைத் துப்பாக்கிகளுக்கும் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பதிவும் ரேகையும் காத்திருப்பும் மாறவில்லை.

இங்கே மூன்று வழி: தனிநபர், ட்ரஸ்ட், எல்எல்சி எனும் சின்னக் கம்பெனி. ட்ரஸ்ட் என்றதும் நம் ஊர் தர்ம அறக்கட்டளை நினைவுக்கு வரும். இது அது இல்லை. சொத்து யார் பொறுப்பில், யாருக்குப் பிறகு யார் என்று எழுதி வைக்கும் குடும்பப் பத்திரம்.

தனிநபர் பெயரில் பதிவு செய்தால் வேலை எளிது, ஆனால் பொருள் அந்த ஒருவருக்கு மட்டுமே உரியது. நீங்கள் ஆஸ்டினில் மீட்டிங்கில் இருக்கும்போது, வீட்டில் இருக்கும் மனைவிக்குப் பெட்டகத்தின் எண் தெரியும் என்றால், அவரும் வைத்திருப்பதாகக் கொள்ளப்படலாம், அதுவே சிக்கல். ட்ரஸ்டில் அவரையும் இணைப் பொறுப்பாளராகப் போட்டால் நீங்கள் இல்லாதபோதும் அவர் சட்டப்படி வைத்திருக்கலாம். ட்ரஸ்டின் உண்மையான பயன் இதுதான். ஒருவர் மட்டுமே தொடப்போகும் ஒரே ஒரு சைலன்சருக்கு, என் கருத்தில், தனிநபர் பதிவே போதும்.

"ட்ரஸ்ட் என்றால் ரேகை வேண்டாம், ஷெரிஃப் எனும் உள்ளூர்க் காவல் அதிகாரியின் கையெழுத்தும் வேண்டாம்" என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பழைய கதை. 2016 ஜூலைக்குப் பிறகு ட்ரஸ்டில் உள்ள ஒவ்வொரு பொறுப்பாளரும் ரேகை, புகைப்படம், தனிப் படிவம் தர வேண்டும். ஷெரிஃபின் ஒப்புதல் இப்போது யாருக்குமே தேவையில்லை, உள்ளூர்க் காவல் தலைமைக்கு ஒரு நகல் அனுப்பினால் போதும். ஆகவே உறவுக்காரர் எல்லோரையும் பொறுப்பாளராகச் சேர்த்தால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அத்தனை பேர் ரேகைக்காகவும் அலைவீர்கள். இருவரோடு தொடங்குங்கள். வீட்டுக்காக எழுதிய லிவிங் ட்ரஸ்டோடு இதைக் கலக்காமல், உங்கள் மாநில வக்கீலிடம் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மிக முக்கியம்: துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ள ஒருவரை ட்ரஸ்ட் தூய்மைப்படுத்தாது. உங்களுக்குக் கிரீன் கார்டு, மனைவி இன்னும் எச்4 என்றால் அவரைப் பொறுப்பாளராகப் போடவே கூடாது. அவருக்குக் கார்டு வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பின் பொறுப்பேற்பவராக ஊரில் இருக்கும் அண்ணனை எழுதிவிடாதீர்கள், இங்கே சட்டப்படி வைத்திருக்கக்கூடியவராக இருக்க வேண்டும். குழந்தைகளைப் பயனாளிகளாக எழுதலாம், வயது வரும்வரை அவர்கள் கைக்குப் போகாது.

எல்எல்சியை நான் சொந்தத் தேவைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். டெக்சாஸில் தொடங்கவே 300 டாலர், பெயர் பொதுப் பதிவேட்டில் இருக்கும், ஆண்டறிக்கையைத் தவறவிட்டால் கம்பெனியின் பதிவே பறிபோகலாம். அப்போது பதிவான உரிமையாளரின் நிலையே கேள்வியாகிவிடும்.

பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மா அப்பா வரும் ஆறு மாதத்தை யாரும் யோசிப்பதில்லை. வீட்டுச் சாவிக்கொத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் போவோம். அதில் பெட்டகச் சாவியும் இருந்தால், பி2வில் வந்த அம்மாவின் கையில் துப்பாக்கியைக் கொடுத்த மாதிரிதான். சாவியைப் பிரித்து வையுங்கள், எண் பூட்டானால் எண்ணை மாற்றுங்கள். டெக்சாஸில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி அலட்சியமாக வைப்பதும் குற்றம்.

அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்தும், லைசென்ஸில் சுருங்கியும், சிலருக்கு முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை) என்றும் இருக்கும். விண்ணப்பத்துக்கு முன்பே எல்லா அடையாள அட்டையிலும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். ட்ரஸ்டுக்கும் சின்னப் பெயராக வையுங்கள். குட்டை ரைஃபிளை நீங்களே செய்ய அனுமதி வாங்கினால் அந்தப் பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் உலோகத்தில் செதுக்க வேண்டும்.

புது புராஜெக்டுக்காக நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா, இல்லினாய் போக நேர்ந்தால் சைலன்சர் கூட வர முடியாது, அங்கெல்லாம் பொதுமக்களுக்குத் தடை. குட்டை ரைஃபிளை எந்த மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் ஏடிஎஃப் முன் அனுமதி வேண்டும். வேலை மாறும் கடிதம் வந்த அன்றே இதைப் பாருங்கள், பெட்டி கட்டும் நாளில் அல்ல.