கொல்லைப்புறத்தில் செங்கல் தளம்: வாட்டம் ஜல்லியில் இருக்கட்டும், மணலில் வேண்டாம்

வீட்டுக்குப் பின்னால் நாலு நாற்காலி போட்டு உட்கார ஒரு செங்கல் தளம். காரை இறுகக் காத்திருக்கும் நாளைத் தவிர்த்து, கொத்தனார் இல்லாமல் இரண்டு பேர் சேர்ந்து மூன்று, நான்கு நாளில் முடிக்கலாம். சிமென்ட் ஓரத்துக்கு மட்டும்தான். கல் மணல்மேல்தான் உட்காரும். பின்னால் குழாய் பதிக்க வேண்டி வந்தாலும் கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திரும்ப வைத்துவிடலாம்.

இங்கே சொல்லும் அளவெல்லாம் ஏறத்தாழ 12 அடிக்கு 10 அடித் தளத்துக்கானவை. 12 அடிப் பக்கம் வீட்டுச் சுவரை ஒட்டியது, 10 அடி தோட்டத்தை நோக்கி நீள்வது. தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் தோண்டினால் குழி குட்டையாகிவிடும்.

செங்கல்

சேம்பர் செங்கல் (சேம்பர் சூளையில் சுட்ட, அளவு ஒத்த கல்) வாங்குங்கள். 9 அங்குல நீளம், 4¼ அகலம், 3 உயரம். நாட்டுச் செங்கல் பார்க்க அழகுதான், ஆனால் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராது. முதல் முறை செய்பவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் சரியாக வேகாத கல், இரண்டு மழைக்காலத்தில் மேல்முகம் உதிரும். இன்னும் நிச்சயமாகத் தெரிய, காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கலுக்கு இந்தியத் தர அளவு 20 சதவீதம் வரை நீர் உறிஞ்சலை அனுமதிக்கிறது. அது சுவருக்குப் போதும். தரையில் கிடந்து நனையும் கல்லுக்கு 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும், அதாவது 3 கிலோ கல் 450 கிராமுக்கு மேல் குடிக்கக் கூடாது.

கல்லைப் படுக்க வைக்காதீர்கள். சேம்பர் கல்லின் ஒரு முகத்தில் சூளைக்காரரின் எழுத்து பதித்த பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் கீழே போகும்படி படுக்க வைத்தால் அடியில் வெற்றிடம் நின்று, நாற்காலிக் கால் பட்டதும் கல் நடுவில் விரியும். பள்ளம் மேலே இருந்தால் தண்ணீர் தேங்கும். 3 அங்குலப் பக்கம் மேலே தெரிய ஓரத்தில் நிறுத்தி வைப்பதே சரி. கல் கூடுதலாகச் செலவாகும், ஆனால் தளம் அசையாது.

நிறுத்தி வைத்த மூன்று கல்லின் அகலம் ஒரு கல்லின் நீளம். ஆகவே மூன்று குறுக்கே, மூன்று நெடுக்கே என்று பாய் முடைந்தாற்போல் அடுக்கினால் கல்லை வெட்டவே வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் சூளையிலோ கடையிலோ மூன்று கல்லை நெருக்கி நிறுத்தி, பக்கத்தில் ஒன்றை நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டு நூலுக்குமேல் (அளவில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசம் வந்தால் இந்த வடிவத்தை விட்டுவிட்டு, சுவர் கட்டுவதுபோல் ஒட்டு, அதாவது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு, மாறி வர வரிசையாக அடுக்குங்கள்.

624 கல் பிடிக்கும். உடைசலுக்கும் சேர்த்து 675.

மற்ற சரக்கு: முக்கால் ஜல்லி முதல் தூள் வரை கலந்த வெட் மிக்ஸ் 60 கன அடி. சின்ன லோடு தர மறுத்தால் முக்கால் ஜல்லி இரண்டு பங்கும் கிரஷர் தூள் ஒரு பங்கும் வாங்கி நீங்களே கலந்துகொள்ளலாம். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) 15 கன அடி, ஒட்டில் நிரப்ப பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான நைசான மணல்) 5 கன அடி, கால் ஜல்லி 6 கன அடி, சிமென்ட் 2 மூட்டை. எம்-சாண்டில் கொஞ்சம் ஓரக் காரைக்கும் போகும். படுக்கைக்கு மணலுக்குப் பதிலாக வெறும் கிரஷர் தூளைப் போடாதீர்கள், தூள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரை ஊர்க்காரர்கள் கடல் மணலை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். கல்மேல் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாய் நிற்கும்.

நூல் கட்டுவது

முளை அடித்து நூல் கட்டி, 6-8-10 அடி அளந்து மூலையைச் சரிபாருங்கள். கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் மூடி, குடிநீர் லைன் எங்கே போகின்றன என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கழிவுநீர்ச் சேம்பரின் (குழாயைத் திறந்து பார்க்கும் தொட்டியின்) மூடியைத் தளத்துக்கு அடியில் புதைக்கக் கூடாது. அதன் விளிம்பைத் தள மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

மட்டம் பார்க்க ரசமட்டத்தைவிட ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ட்யூப்) நல்லது. 10 அடி தூரத்துக்கு 2 அடி ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ட்யூபில் தண்ணீர் நிரப்பியதும் உள்ளே குமிழி இருக்கிறதா என்று முழு நீளமும் பாருங்கள். ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய். சுவரோர முளையிலும் தோட்டத்து முளையிலும் ஒரே மட்டத்தைக் குறித்து, தோட்டத்து முளையில் 2 அங்குலம் இறக்கி நூலைக் கட்டுங்கள். 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. இந்த நூல்தான் முடிந்த தளத்தின் மேல்மட்டம். தாழ்ந்த முனையில் அது தரைக்கு 1 அங்குலம் மேலேயும், வீட்டு முனையில் வாசற்படிக்கும் அடித்தளத்து ஈரத்தடுப்புப் பட்டைக்கும் 6 அங்குலமாவது கீழேயும் இருக்க வேண்டும்.

இனி எல்லா அளவும் இந்த நூலிலிருந்து கீழ்நோக்கி. தோண்டிய அடிமண் 9 அங்குலம், இடித்த ஜல்லியின் மேல்முகம் 5, மணலின் மேல்முகம் 4. மூன்று எண்ணையும் ஒரு குச்சியில் கோடு போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோண்டி, ஜல்லி இடிப்பது

சுவர்ப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் 6 அங்குலம் கூட்டித் தோண்டுங்கள். ஒரு யூனிட் (100 கன அடி) அளவுக்கு மண் வெளிவரும், எங்கே கொட்டுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். கோரை இருந்தால் கிழங்கோடு பொறுக்கி எடுங்கள். மேலே வெட்டிவிட்டால் ஒட்டு வழியாகக் குத்திக்கொண்டு வரும், பாலித்தீன் விரித்தாலும் துளைத்து வரும். பாலித்தீன் தண்ணீரையும் கீழே விடாது, ஆகவே விரிக்கவே வேண்டாம்.

அடிமண்ணை லேசாக நனைத்துத் திமிசால் (பிடி வைத்த இடிகட்டையால்) இடியுங்கள். ஜல்லியை இரண்டிரண்டு அங்குலமாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே இடியுங்கள். நாலு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேல்தான் இறுகும், அடி பொலபொலவென்றே இருக்கும். இந்த வேலைக்கு பிளேட் காம்பாக்டரை (அதிர்ந்து இடிக்கும் இயந்திரத்தை) ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது வீண் செலவல்ல. 12 மி.மீ. கம்பியைக் கையால் குத்தினால் இறங்கக் கூடாது.

முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். ஜல்லியைக் கண் மட்டத்துக்குச் சமமாக்கி நிறுத்திவிட்டு, வாட்டத்தை மேலே மணலில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பார்கள். அப்படிச் செய்தால் வீட்டுப் பக்கம் மணல் 3 அங்குலம், தோட்டப் பக்கம் 1 அங்குலம் என்று ஆகும். தடித்த மணல்தான் அதிகம் அமுங்கும். முதல் மழை முடிந்ததும் வீட்டுப் பக்கம் இறங்கும், வாட்டம் கெடும், தண்ணீர் சுவரடியில் தேங்கும். பிறகு எல்லாக் கல்லையும் பெயர்ப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே ஜல்லியின்மேல் அடிக்கு ஒருமுறை நூலிலிருந்து அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் 5 அங்குலம் வர வேண்டும். 2 நூல் முன்பின் இருக்கலாம், அதற்குமேல் என்றால் கொத்தியோ நிரப்பியோ மறுபடி இடியுங்கள்.

ஓரம்

சுவரோர வரிசையையும் அதற்குச் செங்குத்தான ஒரு பக்க வரிசையையும் மட்டும் முதலில் காரையில் வையுங்கள். மற்ற இரண்டு ஓரமும் உள்ளே அடுக்கி முடித்த பிறகு. நாலு பக்கமும் முன்பே கட்டிவிட்டால் கடைசி வரிசையில் அரை அங்குலம் இடிக்கும், எல்லாக் கல்லையும் செதுக்க வேண்டியதாகும்.

ஓரக் கல்லை 9 அங்குல நீளம் உள்நோக்கி இருக்க, 1:4 சிமென்ட் காரையில் முக்கால் அங்குலக் கனத்தில் உட்கார்த்தி, தலை நூலைத் தொடச் செய்யுங்கள். வெளிப்புறம் 1:2:4 (சிமென்ட், மணல், கால் ஜல்லி) கான்கிரீட்டைக் கல்லின் பாதி உயரம் வரை சாய்வாக அணை கொடுங்கள். சுவருக்கும் கல்லுக்கும் நடுவே அரை அங்குலம் விட்டு மணல் நிரப்புங்கள். கல்மேல் சிந்திய காரையை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும், காய்ந்தால் போகாது.

மணல் இழுப்பது

முக்கால் அங்குல ஜிஐ பைப்பின் வெளி விட்டம் ஏறக்குறைய 1 அங்குலம். அப்படி இரண்டு பைப்பை 4 அடி இடைவெளியில், வாட்டத்தின் போக்கில் ஜல்லிமேல் கிடத்துங்கள். நடுவே சலித்த எம்-சாண்டைக் கொட்டி அலுமினிய மட்டப்பலகையால் இழுங்கள். மணல் கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. பைப்பை உருவி, அந்தத் தடத்தை மணலால் நிரப்பிக் கரண்டியால் தடவுங்கள். மணலை இடிக்க வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். அன்று அடுக்கப்போகும் அளவுக்கு மட்டும் இழுங்கள். ராத்திரி மழை பெய்துவிட்டால் கிளறிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும்.

அடுக்குவது

மூலையில் தொடங்கி, அடுக்கிய கல்மேல் பலகை போட்டு மண்டியிட்டு முன்னேறுங்கள். கல்லை மணலில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்காதீர்கள், மணல் குவிந்து கல் தலைதூக்கும். நேர்கீழாக இறக்கி ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு போதும். நான்கு கட்டத்துக்கு ஒருமுறை நூல் பிடித்து நேர் பாருங்கள்.

உள் கல் ஓரக் கல்லைவிட 2 நூல் உயரமாக நிற்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் நிற்க வேண்டும். மேலே 4 அடிப் பலகை வைத்துத் திமிசால் இடிக்கும்போது மணல் அமுங்கி ஓரத்தோடு சமமாகிவிடும். சுட்ட களிமண் கல்லின்மேல் காம்பாக்டரை நேராக ஓட்டினால் விளிம்பு சிதறும், அடியில் ரப்பர் பாய் அவசியம். மீதி இரண்டு ஓரத்தையும் காரையில் வைத்து, மூன்று நாள் நனைத்துவிட்டுப் பிறகு இடியுங்கள்.

நன்றாகக் காய்ந்த பி-சாண்டைக் கூட்டி ஒட்டில் இறக்குங்கள். பக்கத்துப் பள்ளங்களிலும் மணல் போய் நிரம்ப வேண்டியிருப்பதால் ஒருமுறையில் முடியாது. ஒரு வாரத்தில் மூன்று முறை கூட்டுங்கள். சிமென்ட்டும் மணலும் கலந்து தூவித் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கல் முகமெல்லாம் சாம்பல் கறை படியும், ஒட்டு விரியும், தண்ணீரும் கீழே இறங்காது.

பிற்சேர்க்கை

கரிசல் மண்ணில் இந்த அளவு போதாது. அது நனைந்தால் உப்பி, காய்ந்தால் பிளக்கும். இன்னும் 6 அங்குலமாவது ஆழமாகத் தோண்டி, செம்மண் கிராவல் போட்டு இடித்த பிறகே ஜல்லி.

எறும்பு ஒட்டு மணலை வெளியே தள்ளிக் குவித்தால் அந்த இடத்தில் பி-சாண்டை மறுபடி கூட்டினால் போதும். கார்த்திகையில் நிழல் பகுதி பாசி பிடித்து வழுக்கும். தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, அந்த ஒட்டுகளுக்கு மட்டும் காய்ந்த மணல் போடுங்கள். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் ஒட்டு மணலை அடிவரை கிளப்பிவிடும், அது வேண்டாம். இந்தத் தளம் ஆட்களுக்கும் நாற்காலிக்கும்தான். கார் நிறுத்த வேண்டுமானால் ஜல்லி 8 அங்குலம் வேண்டும், கல்லும் வேறு.