முதல் தடவையா நாமளே ஓட்டிட்டுப் போற வாடகைப் படகு: டர்பன்காரங்களுக்கு செய்ஷெல்ஸ் பிளான்

டர்பன் பேல கொஞ்ச நாள் செயிலிங் கத்துக்கிட்டாலே அடுத்து வர்ற ஆசை, சூடான கடல்ல ஒரு வாரம் படகு எடுத்து, ஸ்கிப்பர் (படகு ஓட்டுற கேப்டன்), சமையல்காரர்னு யாரும் இல்லாம நாமளே தீவு தீவா சுத்தணும்னுதான். இதைத்தான் பேர்போட் சார்ட்டர்னு சொல்றாங்க. தென்னாப்பிரிக்காவுல இருந்து முதல் தடவை போறவங்களுக்கு என் ஓட்டு செய்ஷெல்ஸுக்குத்தான். அங்க விசா கிடையாது, ஆன்லைன்ல டிராவல் ஆத்தரைசேஷன் மட்டும் எடுத்தா போதும். மொரிஷியஸ் மாதிரி இல்லாம உள் தீவுகள் எல்லாம் சைக்ளோன் பாதைக்கு வெளிய இருக்கு, ஒண்ணுக்கொண்ணு கிட்டவும் இருக்கு. கடல்ல வழி காட்டுற மிதவைங்க நிறம்கூட நம்ம துறைமுகம் மாதிரியேதான், துறைமுகத்துக்குள்ள வரும்போது சிவப்பு இடது பக்கம். கரீபியன் போனா இது அப்படியே தலைகீழ்.

முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க, படகை அப்புறம் பாத்துக்கலாம். நம்மாளுங்க ஸ்கூல் லீவைப் பாத்துட்டு ஜூலை இல்லன்னா டிசம்பர்னு டிக்கெட் போட்டுடுறாங்க, புதுசா போறவங்களுக்கு ரெண்டுமே அவ்வளவு சரிப்படாது. மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்கிழக்குக் காத்து, ஜூலை ஆகஸ்ட்ல 20, 25 நாட் (மணிக்கு அத்தனை நாட்டிக்கல் மைல்) வரைக்கும் வீசும், கடலும் கிளம்பி நிக்கும். டிசம்பர்ல இருந்து மார்ச் வரை வடமேற்குக் காத்து, அது லேசுதான் ஆனா மழை பின்னி எடுக்கும், ஜனவரிதான் ரொம்ப மோசம். நடுவுல வர்ற ஏப்ரலும் அக்டோபரும்தான் நல்ல மாசம். சில நாள் காத்தே இல்லாம எஞ்சின் போட்டு போக வேண்டியிருக்கும், பரவாயில்ல. நம்ம ஸ்கூலுங்களுக்கு மார்ச் கடைசி ஏப்ரல் பக்கம் ஒரு லீவு, செப்டம்பர் கடைசி அக்டோபர் பக்கம் ஒரு லீவு வருதே, அதுல போங்க.

பேப்பர் விஷயம். எஸ்.ஏ. செயிலிங் (நம்ம தென்னாப்பிரிக்க செயிலிங் அமைப்பு) குடுக்குற டே ஸ்கிப்பர் சர்டிஃபிகேட் இருந்தா பொதுவா ஒத்துக்குவாங்க, ஆனா புக் பண்றதுக்கு முன்னாடியே அந்த கம்பெனிகிட்ட ஈமெயில்ல கேட்டு வாங்கி வச்சுக்குங்க. விஎச்எஃப் ரேடியோ சர்டிஃபிகேட்டும் எடுத்துடுங்க. சர்டிஃபிகேட்டோட செயிலிங் சிவியும் கேப்பாங்க, எங்க ஓட்டினீங்க, எவ்வளவு பெரிய படகு, நீங்க ஸ்கிப்பரா க்ரூவான்னு. மிட்மார் டேம்ல டிங்கி, அதாவது சின்ன பாய்மரப் படகு ஓட்டினது காத்தைப் புரிஞ்சுக்க உதவும், ஆனா 40 அடி படகை நிறுத்திக் கட்டுறதுக்கு அது பத்தாது, கிளம்புறதுக்கு முன்னாடி டர்பன்லயே ஒரு கேட்டமரான்ல (ரெண்டு அடிப்பாகம் சேர்ந்த பாய்மரப் படகு) ரெண்டு மூணு சனிக்கிழமை யார் கூடவாவது போய் நங்கூரம் போட்டுப் பழகுங்க. உங்களைத் தவிர இன்னொருத்தருக்கும் படகு ஓட்டத் தெரிஞ்சிருக்கணும். வெயில்ல உங்களுக்கே தலை சுத்துனா மாமாவும் சித்தியுமா படகைக் கொண்டுவந்து சேர்ப்பாங்க? அப்படி ஒருத்தர் இல்லன்னா முதல் ரெண்டு நாளைக்கு மட்டும் லோக்கல் ஸ்கிப்பர் கேளுங்க, குடுப்பாங்க. அது ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

படகு கேட்டமரானே எடுங்க. சாயாது, அதனால வயசானவங்க, குழந்தைங்க நிம்மதியா இருப்பாங்க, ஆழம் கம்மியான இடத்துலயும் போகும். காத்துக்கு நேரா ஏறிப் போறதுலதான் கொஞ்சம் சோம்பேறி. (அங்க நீங்க ஏறப்போற படகு கேப் டவுன்ல செஞ்சதாவே இருக்கலாம், லெபர்ட் கேட்டமரான் எல்லாம் நம்ம ராபர்ட்சன் அண்ட் கெய்ன் கட்டுறதுதான்.) ரேட் யூரோவுல போட்டிருப்பாங்க, ராண்ட்ல கணக்கு போடும்போது படகு வாடகையோட நிறுத்திடாதீங்க. டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டுல பெரிய தொகையா பிடிச்சு வைப்பாங்க, டீசல், கடைசி நாள் க்ளீனிங், மரைன் பார்க் கட்டணம் இதெல்லாம் தனி. எட்டு பேர் படுக்கிற படகுக்கு எட்டு பேரையும் ஏத்தணும்னு அவசியம் இல்ல, ஆறு பேரோட போனா தண்ணி டேங்க்கும் தாங்கும், சண்டையும் கம்மி.

பெரிய தீவான மாஹேல ஈடன் ஐலண்ட் மரினால படகைக் கையில வாங்கும்போது அவசரமே படாதீங்க. கம்பெனி ஆள் சொல்றதை எல்லாம் ஃபோன்ல வீடியோ எடுங்க. நங்கூர மோட்டாரை இறக்கி ஏத்திக் காட்டச் சொல்லுங்க, பாயைச் சின்னதாக்குற கயிறு எதுன்னு கேளுங்க, கரைக்குப் போய் வர்ற சின்ன டிங்கியோட எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, டாய்லெட்டை எப்படி யூஸ் பண்றதுன்னு எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக் காட்டுங்க, அடைச்சுக்கிட்டா அதை சரி பண்ணப்போறது நீங்கதான்.

சாமான் வாங்க மாஹேல இருக்கிற தலைநகர் விக்டோரியா மார்க்கெட். மீன் அருமையா கிடைக்கும், காய்கறிதான் விலை, நிறைய சாமான் இறக்குமதிதானே. மதர் இன் லா மசாலாவை (நம்ம காரமான கறிப்பொடி) டர்பன்லயே வாங்கிட்டுப் போயிடுங்க. மார்க்கெட் பக்கத்துலயே நவசக்தி விநாயகர் கோயில் இருக்கு, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தேங்காய் உடைச்சுட்டுப் போகலாம்.

ரூட்டைப் பெருசா போடாதீங்க. மாஹேல இருந்து ப்ராலின் தீவு வடகிழக்கே சுமார் 25 நாட்டிக்கல் மைல், அஞ்சு மணி நேரம் வச்சுக்குங்க. தென்கிழக்குக் காத்தா இருந்தாலும் வடமேற்கா இருந்தாலும் போகும்போதும் வரும்போதும் காத்து பக்கவாட்டுலதான், ஓட்டுறதுக்கு சுகம். ஆனா அலையும் பக்கவாட்டுலயே வரும், வாந்தி வர்றவங்க முந்தின ராத்திரியே மாத்திரை போட்டுக்கணும். ப்ராலின் போயிட்டா மிச்ச தீவெல்லாம் பக்கம் பக்கம்தான்: க்யூரியூஸ்ல பெரிய ஆமைங்க, செயின்ட் பியர்ல ஸ்னார்க்கலிங், லா டீக்ல சைக்கிள். கூஸன் தீவுல நம்ம டிங்கியில இறங்க விடமாட்டாங்க, எலி கிலி வந்துடக்கூடாதுன்னு அவங்க படகுலயே கூட்டிட்டுப் போவாங்க. மீன் குத்துற ஸ்பியர்கன் அந்த நாட்டுலயே தடை, எடுத்துட்டே போகாதீங்க. ப்ராலின்ல இருக்கிற ஆன்ஸ் லாஸியோ கடற்கரை தென்கிழக்குக் காத்துல அமைதியா இருக்கும், வடமேற்குக் காலத்துல அதே இடத்துல அலை நேரா உள்ள வரும், ராத்திரி தூங்க முடியாது. அதனால போன வருஷம் யாரோ நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்கன்னு போகாதீங்க, எந்த மாசம் போனாங்கன்னு கேளுங்க.

நான் எல்லார்கிட்டயும் திருப்பித் திருப்பிச் சொல்றது நங்கூரத்தைப் பத்திதான். பாய் விரிக்கிறதை ரெண்டு நாள்ல பழகிடலாம், வாரம் கெடுறதும் நல்லா போறதும் நங்கூரத்தாலதான். மத்தியானம் மூணு மணிக்குள்ள நிறுத்திடணும், ஏன்னா சூரியன் உயரமா இருந்தாதான் தண்ணிக்குள்ள மணல் எது பவளம் எதுன்னு நிறம் தெரியும், போலராய்ட் கண்ணாடி போட்டா இன்னும் நல்லா தெரியும். ஆறரைக்கெல்லாம் இருட்டிடும், நம்ம ஊர் கோடை மாதிரி இழுத்துக்கிட்டு இருக்காது, ராத்திரி ஓட்டக்கூடாதுன்னு காண்ட்ராக்ட்லயும் போட்டிருப்பாங்க. வெளுப்பா தெரியுற மணல்ல மட்டும் போடுங்க. தண்ணி 5 மீட்டர்னா ஓதத்துல தண்ணி ஏறுறதுக்கு ஒண்ணரை, படகு முன்பக்கத்தோட உயரம் ஒண்ணரை, மொத்தம் 8, அதுல அஞ்சு மடங்கு, அதாவது 40 மீட்டர் சங்கிலி விடணும். அப்புறம் எஞ்சினை ரிவர்ஸ்ல மெதுவா ஏத்தி இழுத்துப் பாருங்க, கரையில ரெண்டு பாறையை நேர்கோட்டுல வச்சுக் கவனிங்க, அது நகந்தா நீங்கதான் நகர்றீங்க. யாராவது ஒருத்தர் மாஸ்க் போட்டுக் குதிச்சு நங்கூரம் புதைஞ்சிருக்கான்னு கண்ணால பாத்துட்டு வரணும். ஃபோன்ல ஆங்கர் அலாரம் (படகு நகந்தா சத்தம் போடும்) வச்சுட்டு அப்புறம் துனி, அதான் நம்ம டர்பன் சீட்டாட்டத்துக்கு, சீட்டைக் கலைங்க.

கடைசி ராத்திரிக்கு ப்ராலின்லயே தங்கிடாதீங்க, மறுநாள் காலையில காத்து கிளம்புனா ஃப்ளைட் போச்சு. முந்தின நாள் மத்தியானமே செயின்ட் ஆன் மரைன் பார்க்குக்கு வந்துடுங்க, மரினா எதிர்லயே இருக்கு. காலையில டீசல் ரொப்பிட்டு, ரசீதை ஃபோட்டோ எடுத்துட்டு, கம்பெனி ஆள் கீழ இறங்கி படகு அடிப்பக்கத்தைப் பாத்து முடிக்கிற வரைக்கும் கூடவே நில்லுங்க, டெபாசிட்டை விடுவிச்சாச்சுன்னு எழுத்துல வாங்கிட்டு ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லுங்க.