குளிர்காலம் முழுவதும் நின்ற ரோட்டரி காரைக் கிளப்புதல்

கனடாவின் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்போர் பலர், பனிச்சாலையில் தூவப்படும் உப்புக்கு அஞ்சி, நவம்பரில் காரைக் கொட்டகைக்குள் நிறுத்தி ஏப்ரலில்தான் வெளியே எடுக்கிறார்கள். பிஸ்டன் இன்ஜின் கொண்ட காராக இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்து சாவியைத் திருப்பினாலே பெரும்பாலும் கிளம்பிவிடும். ரோட்டரி இன்ஜின் கொண்ட ஆர்எக்ஸ்-8 இல் அதே அவசரத்தைக் காட்டினால் ஸ்பார்க் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து, இன்ஜின் சுழலுமே தவிரப் பற்றாது.

காரணம் இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. இதில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு சுழல்கின்றன. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய பட்டைகள் உள்ளன. இவற்றை ரோட்டர் சுழலும் அறையின் சுவரோடு அழுத்திப் பிடிப்பவை ஸ்பிரிங்கும், வாயுவின் அழுத்தமும், சுழற்சியால் எழும் விசையுமே ஆகும். மெதுவாகச் சுழன்றால் பிடிப்பு தளர்ந்து அழுத்தம் கசியும். மாதக்கணக்கில் நின்றதால் சுவரில் இருந்த ஆயில் படலமும் வடிந்திருக்கும். எஞ்சியதையும் குளிர்ந்த இன்ஜினுக்குள் தாராளமாகப் பீய்ச்சப்படும் பெட்ரோல் கழுவிவிடும். ஆகவே ஒவ்வொரு தோல்வியும் அடுத்த முயற்சியை இன்னும் கடினமாக்கும். இந்த இன்ஜினின் அழுத்தத்தை மாஸ்டா நிமிடத்துக்கு 250 சுற்று என்ற வேகத்தில் அளக்கச் சொல்வதிலிருந்தே, ஸ்டார்ட்டர் சுழற்றும் வேகம் இங்கே எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

எனவே முதல் வேலை பேட்டரி. முந்தைய இரவே சார்ஜரில் போட்டுவிடுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். அதைத் தாங்கி நிற்காத பேட்டரியை மாற்றிவிடுவதே நல்லது. ரோட்டரி இன்ஜினில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி எடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள். ஆயில், கூலன்ட் அளவுகளையும் டயர்க் காற்றையும் பார்த்துவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஆயில் படலம். பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் காயில்களின் இணைப்பையும் கழற்றிய பின், நான்கு பிளக்குகளையும் வெளியே எடுங்கள். கீழே இருப்பவை லீடிங், மேலே இருப்பவை டிரெயிலிங். இரண்டும் ஒரே வகை அல்ல என்பதால் இடம் மாற்றி மாட்டிவிடாதபடி அடையாளமிட்டு வையுங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு பிளக் துளை வழியே சுமார் 5 மில்லி இன்ஜின் ஆயிலை விடுங்கள். ரோட்டர் ஒரு முறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும். ஆகவே முன்பக்கக் கப்பியின் நடு போல்ட்டை ஸ்பேனரால் வலஞ்சுழியாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ரோட்டரின் அடுத்த முகம் துளைக்கு நேரே வரும். அங்கும் அதே அளவு விட்டு, மூன்றாவது முகத்துக்கும் அவ்வாறே செய்யுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் பிளக்குகள்தான் அழுக்காகும். பிறகு துளைகளைத் துணியால் மூடி, ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் ஓட்டிவிட்டு, பிளக், காயில், ஃபியூஸ் எல்லாவற்றையும் பொருத்துங்கள். பிளக் பழையதென்றால் புதியதைப் போட இதுவே தருணம்.

கிளப்பும் முன் கொட்டகைக் கதவை முழுதாகத் திறந்து, காரின் பாதையில் இருப்பவற்றை அகற்றிவிடுங்கள். விளக்கு, ஹீட்டர், ரேடியோ அனைத்தையும் அணைத்து, கிளட்சை மிதித்து, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் சாவியைத் திருப்புங்கள். 10 நொடிக்குள் பற்றாவிட்டால் நிறுத்தி, ஸ்டார்ட்டர் ஆற ஒரு நிமிடம் விடுங்கள். இரண்டாம் முறையும் பற்றாமல் பெட்ரோல் வாடை வந்தால், ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தபடி 10 நொடி சுழற்றுங்கள். அந்நிலையில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடுவதால் வெறும் காற்று உள்ளே போய் அறைகளை உலர்த்தும். இன்ஜின் இருமத் தொடங்கினால் காலை மெல்லத் தளர்த்துங்கள். இதற்கும் மசியாவிட்டால் மீண்டும் ஃபியூஸையும் காயில் இணைப்பையும் கழற்றி, பிளக்குகளை எடுத்து உலர்த்தி, துளைகள் வழியே பெட்ரோலை வெளியேற்ற வேண்டும். அப்போது அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. காரைத் தள்ளிக் கிளப்ப முயல வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

பற்றிய பின் சில நிமிடங்கள் புகை அடர்த்தியாக வரும். ஊற்றிய ஆயில் எரிவதால் வருவது அது. வேக்குவம் கிளீனர் போன்ற ஓசை கேட்டாலும் கலங்க வேண்டாம், புகைக்குழாய்க்குக் காற்று செலுத்தும் பம்பு குளிர்ந்த நிலையில் எழுப்பும் ஒலி அது. ஆனால் புகை இனிப்பு வாடையோடு நீடித்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால், கூலன்ட் இன்ஜினுக்குள் கசியாமல் தடுக்கும் நீர்ச் சீல் பழுதாகியிருக்கலாம்.

இனிமேல், வெப்பமானியின் முள் தன் வழக்கமான இடத்துக்கு வரும்வரை எக்காரணம் கொண்டும் இன்ஜினை அணைக்காதீர்கள். காரைக் கழுவுவதற்காகக் கொட்டகையிலிருந்து இரண்டு மீட்டர் வெளியே எடுத்து உடனே அணைத்து, மறுநாள் கிளப்ப முடியாமல் தவிப்பதே ஆர்எக்ஸ்-8 உரிமையாளர்களுக்கு மிக அதிகமாக நேரும் துன்பம். முள் நிலைக்கு வரும்வரை குறைந்த சுற்றில் நிதானமாக ஓட்டுங்கள். பின்னர் பாதுகாப்பான சாலையில் இன்ஜின் சுற்றைக் காட்டும் மானியின் முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கு அருகே வரை சில முறை கொண்டுபோனால் உள்ளே படிந்த கரி தளரும். வீடு திரும்பி, இன்ஜின் சற்று ஆறியதும் ஆயில் அளவை மறுபடி பாருங்கள். சீல்களுக்கு உயவூட்ட இந்த இன்ஜின் தன் ஆயிலையே சிறிது சிறிதாக எரிப்பதால், குறைந்திருந்தால் அன்றே நிரப்பிவிட வேண்டும்.