கேசரோல் பாத்திரம்: எந்த அளவு, எந்த வடிவம்?

சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கும் டப்பாவையும் கேசரோல் என்றுதான் சொல்கிறோம். இங்கே நான் பேசுவது அடுப்பில் வதக்கி, அப்படியே மூடி போட்டு அவனுக்குள் (oven) வைத்து மெதுவாக வேகவிடும் கனமான பாத்திரத்தைப் பற்றி. பெரும்பாலும் வார்ப்பிரும்பில் செய்து எனாமல் பூசியிருப்பார்கள்.

நான் முதலில் வாங்கியது 7 லிட்டர் பாத்திரம். பெரிதாக இருந்தால் எப்போதும் உதவும் என்று நினைத்தேன். வீட்டில் இரண்டே பேர். சமைத்தது அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் நிற்கும். சாறு சீக்கிரம் சுண்டி, ஓரத்தில் அடி பிடித்துவிடும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலை செய்துவிடுங்கள்.

முதல் படி: தண்ணீர் ஊற்றி அளப்பது

இப்போது வழக்கமாகச் சமைக்கும் பாத்திரத்தை எடுங்கள். சாப்பாடு எந்த உயரம் வரை வரும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த இடம் வரை அளவு ஜாடியால் தண்ணீர் ஊற்றி, எத்தனை லிட்டர் என்று எண்ணுங்கள். கேசரோலில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. கிளறவும் கொதிக்கவும் இடம் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால் சரியாக இருக்கும். ஆகவே அளந்ததோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 3 லிட்டர் வந்தால் 4.5 லிட்டர் பாத்திரம்.

அளக்க நேரமில்லையா? ஆளுக்கு ஒரு லிட்டர், கூடவே மறுநாளுக்கும் எடுத்து வைப்பதென்றால் இன்னொரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எப்போதாவது வரும் விருந்தாளிகளை நினைத்து அளவைக் கூட்டாதீர்கள். தினமும் சாப்பிடுபவர்களுக்குத்தான் பாத்திரம்.

இரண்டாம் படி: அடிப்பரப்பைப் பார்ப்பது

லிட்டர் கணக்கை எல்லோரும் பார்ப்பார்கள், அடியை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடியின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். 28 சென்டிமீட்டருக்கு 616. விட்டம் 8 சென்டிமீட்டர்தான் கூடியது, இடமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இதன் அருமை இறைச்சி வதக்கும்போது தெரியும். துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் போட்டால் சுரீரென்று சத்தம் வரும், அடிப்பக்கம் பொன்னிறமாகும், திருப்பினால் தானாகவே விட்டு வரும். நெருக்கிப் போட்டால் சத்தம் அடங்கிவிடும். துண்டுகள் விடும் நீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் அந்த நீரிலேயே வெந்து வெளிறிப்போகும். வதக்கலில் வர வேண்டிய மணம் அப்புறம் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் வராது. அடி சின்னதாக இருந்தால் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வதக்குங்கள். விட்டத்தை உள்பக்கம், அடியில் வைத்தே அளக்க வேண்டும். வாய் அகலமாக இருந்து கீழே குறுகும் பாத்திரங்களும் உண்டு.

மூன்றாம் படி: வட்டமா, நீள்வட்டமா?

அடுப்பின் மேல்தான் அதிகம் சமைப்பீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வட்டம்தான். பர்னர் வட்டமானது; சூடு நடுவிலிருந்து சுற்றிலும் பரவும். நீள்வட்டப் பாத்திரத்தை அதன் மேல் வைத்தால் நடுவில் கருகும், இரண்டு முனைகளும் ஆறிக் கிடக்கும். அவனுக்குள் அந்தத் தொல்லை இல்லை. சூடு எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கும். முழுக் கோழியோ நீளமான இறைச்சித் துண்டோ அடிக்கடி வைப்பவர்களுக்கு நீள்வட்டம் நன்றாகப் பொருந்தும்.

நான்காம் படி: ஆழம்

சூப், பீன்ஸ் போன்று நிறைய நீரில் வேகிறவற்றுக்கு ஆழமானது நல்லது. பரப்பு குறைவு என்பதால் நீர் மெதுவாகச் சுண்டும். சாறு கெட்டியாக வேண்டிய பதார்த்தங்களுக்கு அகலமும் தாழ்வுமான பாத்திரம். ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்களா? நடுத்தர ஆழமுள்ள வட்டப் பாத்திரமாக எடுங்கள். 500 கிராம் மாவில் செய்யும் ரொட்டியைக்கூட 4 அல்லது 5 லிட்டர் பாத்திரத்தில் மூடி போட்டுச் சுடலாம். ஆனால் மூடியின் குமிழ் பிளாஸ்டிக்காக இருந்தால் எத்தனை டிகிரி தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: காகிதமும் கையும்

வாங்க நினைக்கும் அளவில் ஒரு வட்டத்தைச் செய்தித்தாளில் வெட்டி அடுப்பின் மேல் வையுங்கள். இரண்டு பக்கக் கைப்பிடிகளுக்காக இன்னும் ஏழெட்டு சென்டிமீட்டர் விடுங்கள். பக்கத்துப் பர்னரை மறைக்கிறதா? அவன் கதவு மூடுமா? மூடியோடு சேர்த்து உயரத்தையும் பாருங்கள்.

கடைசியாக, எடை. 5 லிட்டர் வார்ப்பிரும்புப் பாத்திரம் காலியாகவே 5 கிலோ அளவில் இருக்கும். மூன்றரை லிட்டர் சாப்பாடு சேர்ந்தால் எட்டரை கிலோ, அதுவும் கொதிக்கக் கொதிக்க. கடையில் வெறும் பாத்திரத்தைத் தூக்கிப் பார்க்கும்போதே மணிக்கட்டு வலித்தால் ஒரு அளவு குறைத்து எடுங்கள். சூடு தாங்கும் தடித்த கையுறையோடு கைப்பிடிக்குள் நான்கு விரலும் நுழைகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.