வெயில் காலத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பேணுதல்

பெற்றோலில் இயங்கும் புல்வெட்டும் இயந்திரத்துடன் வரும் கைநூல்கள், பனி விழும் நாடுகளை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் இயந்திரத்தை மூடி வையுங்கள் என்று அவை கூறும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிலைமை தலைகீழானது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றில் வளவுப் புல் கருகிவிட, இயந்திரம் கொட்டிலில் சும்மா கிடக்கிறது. ஐப்பசியில் மழை விழுந்து புல் முழங்கால் அளவுக்கு எழும்பிய பின் வெளியே எடுத்தால், கயிற்றை இழுத்து இழுத்துக் கை நோவதுதான் மிச்சம். ஆகவே பராமரிப்பின் பெரும்பகுதியை மாரி தொடங்கும்போதல்ல, கடைசியாகப் புல் வெட்டிய அன்றே செய்துவிடுவது நல்லது.

முதற் காரியம் பெற்றோலை அகற்றுவது. ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியில் கிடக்கும் பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது பிசினாகி, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரினுள் இருக்கும் நுண்ணிய துளையை அடைத்துவிடுகிறது. தாங்கியை வடித்த பின், இயந்திரத்தை இயக்கி, அது தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால், காபரேட்டரைக் கழற்றி அதற்குரிய சுத்திகரிப்புத் திரவத்தாலும் காற்றாலும் துளையைத் திறக்கலாம். ஊசியால் குத்தினால் துளை பெருத்து, பின்னர் எப்போதும் பெற்றோல் கூடுதலாகப் பாயும்.

அடிப்பக்கத்தில் கை வைப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட வேண்டும், ஏனெனில் புல்லை வெட்டும் அலகைக் கையால் சுழற்றினாலே என்ஜின் பற்றிக்கொள்ளக்கூடும். சரிக்கும்போது காபரேட்டர் மேற்பக்கமாக இருக்கட்டும்; மறுபுறம் சரித்தால் எண்ணெய் எயார் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். ஒட்டியிருக்கும் புல்லை மரத்துண்டால் சுரண்டுங்கள். கடற்கரையோர வளவுகளில் ஈரப்புல் ஒட்டிய தகடு உப்புக் காற்றில் வெகு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், துடைத்த பின் மெல்லியதாக எண்ணெய் பூசுவது வீண்வேலையல்ல.

அலகைப் பொறுத்தவரை எழுவான்கரைக்காரருக்கே, அதாவது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழ்பவர்களுக்கே, வேலை அதிகம். கல்லடி, நாவற்குடா போன்ற மணற்பாங்கான இடங்களில், அலகு உறிஞ்சி எழுப்பும் மணலே அதன் கூர்மையை அரித்துவிடுகிறது. வெட்டிய மறுநாள் புல்லின் நுனி நார்நாராகக் கிழிந்து வெளிறியிருந்தால் அலகு மழுங்கிவிட்டது என்று கொள்ளலாம். கழற்றிய அலகை இடுக்கியில் பொருத்தி, பழைய சரிவு மாறாமல் அரத்தால் ஒரே திசையில் இராவுங்கள். கத்தி போலக் கூர்மையாக்கத் தேவையில்லை. பின்னர் நடுத்துளையைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிப் பார்த்தால், பாரமான பக்கம் கீழே தாழும். அந்தப் பக்கத்தை இன்னும் சற்று இராவிச் சமப்படுத்தாமல் பூட்டினால், அதிர்வினால் என்ஜினின் தண்டு பழுதாகும். வெட்டும் உயரத்தை ஒரு படி கூட்டி வைத்தாலே மணல் எழும்புவது பெருமளவு குறையும்.

நாற்கட்ட (ஃபோர் ஸ்ட்ரோக்) என்ஜினுக்கு எமது வெப்பத்தில் எஸ்.ஏ.இ. 30 என்ற தடிப்புக் குறியுள்ள எண்ணெய் பொருத்தமானது. ஏறக்குறைய அரை லீற்றர் போதும். புது இயந்திரமாயின் முதல் 5 மணித்தியாலம் ஓடிய பின்னும், அதன்பின் 50 மணித்தியாலத்துக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறையும், என்ஜின் இளஞ்சூடாக இருக்கையில் மாற்ற வேண்டும். பழைய எண்ணெயை வளவு மூலையில் ஊற்றிவிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். மணலில் ஊறினால் அது ஆழமற்ற கிணற்று நீரில்தான் போய்ச் சேரும். அதைப் போத்தலில் அடைத்து கராஜில் கொடுங்கள்.

பஞ்சு ஃபில்டரைச் சவர்க்கார நீரில் கழுவிக் காயவைத்து, சில துளி எண்ணெய் விட்டுப் பிழியலாம். காகித ஃபில்டரைத் தட்டித் தூசி நீக்குவதோடு சரி, அதை நனைக்கக் கூடாது. பிளக்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி பெரும்பாலான என்ஜின்களில் 0.7 தொடக்கம் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கும்.

இறுதியாகப் பிளக் துளையில் சிறிது எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்த பின் பிளக்கைப் பூட்டி, இயந்திரத்தைப் பலகையின் மேல் வைத்து விடுங்கள். பொலித்தீனால் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துருவேறும். பழைய சாக்கு ஒன்றால் மூடினாலே போதும்.